மெரினாவில் நிலா எழும் நேரம்

ஐயா,

வணக்கம். எனக்குத் திருமணமாகி நான்கு மாதம் ஆகிறது. பல்லாவரத்தில் குடியிருக்கிறோம். மனைவிக்குத் தேனிப் பக்கம். கடலையே இப்போதுதான் பார்க்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை, கடலில் சூரியன் மறைவதைக் காட்டுகிறேன் என்று சொல்லி மெரினாவுக்கு அழைத்துப்போனேன். சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால், கட்டடங்களுக்கு அப்பால் இறங்கிவிட்டது. கூட்டம் வேறு. "இதுக்கா வந்தோம்?" என்று கேட்டுவிட்டார். பூங்காவில் உட்கார்ந்தால் காவலாளி, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்கிறார். மொட்டைமாடி ஓட்டலில் மெழுகுவத்தி விருந்துக்கு நாலாயிரம் கேட்கிறார்கள். இந்த ஊரில் ஒரு ஜோடி இரண்டு மணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்து பேச, அழகான இடங்கள் ஒரு பத்து சொல்வீர்களா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பிக்கு,

பத்து இடம் எதற்கு? ஒன்று போதும். அந்த இடத்துக்கு நீங்கள் போய்விட்டும் வந்துவிட்டீர்கள். நாள்தான் தவறு, பார்த்த திசையும் தவறு.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். மெழுகுவத்தி விருந்தை விடுங்கள். அந்த நாலாயிரத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். காவலாளி விஷயத்தில் பயப்படாதீர்கள். வயதுவந்த இரண்டு பேர் பொது இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது குற்றமில்லை, கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும். அதற்கு ஆதாரம் கேட்க அவருக்கு அதிகாரமும் இல்லை. குரலை உயர்த்தாமல் இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருங்கள்.

இனி உங்களைக் கொஞ்சம் திட்டப்போகிறேன். கடலைப் பார்க்காமல் வளர்ந்த பெண்ணை முதல்முறையாகக் கடற்கரைக்கு அழைத்துப்போகிறவர், அந்தக் கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று யோசிக்க வேண்டாமா? சென்னை கிழக்குக் கரை. இங்கே கடலில் எழுவதைத்தான் பார்க்கலாம், மறைவதைப் பார்க்க முடியாது. சூரியன் எழுவதைப் பார்க்க விடியற்காலையில் போக வேண்டும். மாலையில் போகிறவர்களுக்கு மாதத்தில் இரண்டு நாள் நிலா எழுகிறது. சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரி போய் ஒரு பக்கம் சூரியன் இறங்குவதையும் மறுபக்கம் நிலா ஏறுவதையும் பார்த்துவிட்டு வருகிறவர்கள், அதில் பாதி தங்கள் ஊரிலேயே மாதாமாதம் நடப்பதைக் கவனிப்பதில்லை. வெகு நாளாக எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. உங்கள் கடிதம் அதைத் தொட்டுவிட்டது.

தினசரிக் காலண்டரில் 'பௌர்ணமி' என்ற சொல்லை மட்டும் பார்த்துக் கிளம்பிவிடாதீர்கள். பக்கத்தில் எத்தனை மணி வரை என்று போட்டிருக்கும். அதுதான் முக்கியம். பௌர்ணமித் திதி முடிகிற நொடியில்தான் நிலாவும் சூரியனும் நேர் எதிரெதிராக நிற்கின்றன. அந்த நொடி மாலை ஆறு மணி வாக்கில் வந்தால், சூரியன் பின்னால் மறையும்போதே முன்னால் நிலா எழும். நிலா நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்தி எழுகிறது. மணிக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திதி அன்று காலை 6 மணிக்கே முடிந்துவிட்டால் மாலைக்குள் 12 மணி நேரம் போயிருக்கும். சூரியன் மறைந்து 25 நிமிடம் கழித்து நிலா வரும். இருப்பதிலேயே அழகான மாலை அதுதான். வானம் கருநீலமாகியிருக்கும், முழுதாக இருட்டியிருக்காது.

திதி நள்ளிரவு 12 வரை நீடித்தால்? அன்று மாலை நிலா சூரியன் மறைவதற்கு முன்பே, வெளிச்சத்தில் வெளுத்துப்போய் எழுந்துவிடும். பலர் பார்க்காமலே திரும்புவார்கள். அப்படிப்பட்ட மாதத்தில் மறுநாள் போங்கள். காலண்டர் பிரதமை என்று சொல்லும், சொல்லட்டும். சூரியன் மறைந்து அரைமணி நேரத்துக்கு மேல் ஆனபின், இருட்டிய கடலிலிருந்து நிலா செக்கச்செவேலென்று வரும். அடிவானத்தில் நிலவொளி காற்று மண்டலத்தை மிக நீளமாகக் கடந்து வருகிறது; நீலம் வழியிலேயே சிதறிப்போய்ச் சிவப்பு மட்டும் வந்து சேருகிறது. இந்தக் கணக்கு ஐந்து பத்து நிமிடம் முன்பின் ஆகலாம். அடிவானத்தில் மூட்டம் இருந்தால் இன்னும் பத்து நிமிடம் தாமதமாகத்தான் கண்ணில் படும். வரவில்லையே என்று எழுந்துவிடாதீர்கள்.

சூரியன் மறைகிற நேரத்துக்கே போய் உட்காருங்கள். ஜனவரிக் கடைசியில் ஆறு மணி தாண்டிச் சில நிமிடம், ஏப்ரலில் 6.20 வாக்கு. எல்லோரும் மேற்கே திரும்பிப் பார்க்கும்போது நீங்கள் கடலைப் பாருங்கள். நீர்க்கோட்டுக்கு மேலே சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு பட்டை எழும். அதற்கு மேல் ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. கீழே இருப்பது பூமியின் நிழல், காற்றின் மேல் விழுகிறது. கால்மணி நேரத்தில் அது உயர்ந்து ரோஜா நிறத்தைத் தின்றுவிடும். மனைவி கேட்டது மறைகிற சூரியனை. அதன் மறுபாதி இது என்று அவருக்குக் காட்டுங்கள்.

மாதம் பார்த்துப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகம் விடாது. தை முதல் சித்திரை வரை நல்ல காலம். தையில் நிலா நேர் கிழக்குக்கு வடக்கே தள்ளி, துறைமுகத்துக்காகக் காத்து நிற்கும் கப்பல் விளக்குகளின் பக்கமாக எழும். பங்குனியில் ஏறக்குறைய நேர் கிழக்கு. வைகாசி, ஆனியில் தெற்கே நகர்ந்துவிடும். மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்குச் சுவாமிகள் கடற்கரைக்கு வருவார்கள். அமைதி தேடுகிறவர்கள் அடுத்த நாள் போகலாம்.

நினைவிடங்களின் பக்கம் வேண்டாம். விவேகானந்தர் இல்லத்துக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் இடையில் இறங்குங்கள். பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலில் பூங்கா நிலையம் வந்து, எதிரே பூங்கா நகரில் பறக்கும் ரயில் ஏறினால் கலங்கரை விளக்கம் நிலையம். அங்கிருந்து கால்மணி நேர நடை. சாலையிலிருந்து அலைவரை ஏறத்தாழ 300 மீட்டர் மணல். (19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல் அதன் சுவரில் தடுக்கப்பட்டுச் சேர்ந்த அகலம் இது. அந்த மணல் போய்ச் சேராமல் வடக்கே ராயபுரத்துக் கரை அரித்துப்போனது.) கடைகளைத் தாண்டிப் போய், விளக்கு வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். ஈர மணல் கோட்டுக்குப் பத்தடி மேலேயே இருங்கள். பௌர்ணமியை ஒட்டி நீரேற்றம் அதிகம். ஓர் அலை வந்தால் பாய், கைப்பேசி எல்லாம் போகும். தண்ணீரில் இறங்கவே வேண்டாம், கரை சட்டென்று ஆழமாகிறது, உள்ளே இழுக்கும். பாயின் நான்கு முனையிலும் செருப்பை வையுங்கள், கடற்காற்று தூக்கிவிடும். தயிர்சாதமும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு போங்கள். நிலாச்சோறு என்ன என்று தேனிக்காரருக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டியிருக்காது.

படம் எடுப்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கண்ணுக்குத் தாம்பாளமாகத் தெரியும் நிலா கைப்பேசியில் கடுகாகிவிடும். அடிவான நிலா பெரிதாகத் தெரிவது மனதின் மயக்கம். அதன் உண்மை அகலம் அரை டிகிரிதான். படத்தில் மனைவியின் உயரத்துக்கு நிலா பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் படம் எடுப்பவர் அவரிடமிருந்து 180, 200 மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்ய வேண்டும். 50 மீட்டரில் நின்றால் நிலா அவர் முழங்கால் உயரம்தான். இவ்வளவு பின்வாங்க இடம் இருக்கும் கடற்கரை சென்னையில் மெரினாதான். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் அந்த அகலம் இல்லை. மூட்டம் இருந்தால் நிலா தெரியும்போதே படத்தில் மனைவியின் தலைக்கு மேலே ஏறியிருக்கும். அப்போது கிட்டே வாருங்கள், சின்ன நிலாவோடு திருப்தி அடையுங்கள். திரையில் நிலாவைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள்; இல்லாவிட்டால் வெள்ளைப் பொட்டு ஒன்றுதான் மிஞ்சும். இரண்டு படத்தோடு கைப்பேசியை உள்ளே வைத்துவிடுங்கள்.

சூரியன் மறைவதைத்தான் பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தால், முட்டுக்காடு பாலத்தருகே போய்க் காயலின் பக்கம் திரும்பி நில்லுங்கள். பரங்கிமலை உச்சி உங்கள் வீட்டுக்குப் பக்கம். வேறு இடங்களைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் நாலாயிரம் ரூபாய் இருக்கிறது, காவலாளி இருக்கிறார். மனைவிக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரி இல்லை. நான்கு மாதத்தில் கேட்டிருக்க வேண்டும் தம்பி. நிலா ஒரு பனைமர உயரம் ஏறி மஞ்சளான பிறகு கடலில் ஒளிப்பாதை விழும். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அவரவர் பார்க்கும் பாதை வேறு. ஒவ்வொருவருக்கும் அது அவரவர் காலடிக்கே வரும். அவருடைய பாதை எந்த அலையில் உடைகிறது என்று கேளுங்கள். அங்கிருந்து பேச்சு தானாகத் தொடரும். ஒரு மணி நேரத்தில் நிலா வெள்ளையாகிவிடும், எட்டரை மணிக்குக் கிளம்பினால் ரயிலுக்குச் சரியாக இருக்கும்.