சல்சாவின் கியூப வேர்கள் – கடிதம்

வணக்கம்,

எங்கள் நடனக் குழுவின் ஆண்டு விழாவுக்காக ஐந்து நிமிட சல்சா ஒன்றை அமைத்து வருகிறேன். வெறும் சுழற்சிகளாக நின்றுவிடாமல் கியூபாவின் வேர்கள் அதில் தெரிய வேண்டும் என்பது ஆசை. நடுவில் குவாகுவாங்கோ என்ற கியூப ரும்பா வகை இணை நடனத்தின் அசைவுகளையும், சாந்தேரியா என்ற ஆப்பிரிக்க-கியூப வழிபாட்டின் தெய்வ நடனங்களையும் சேர்க்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

சேர்க்கலாம். ஆனால் அசைவுகளைத் தேர்ந்துவிட்டுப் பாட்டைத் தேடுவது தலைகீழான வழி என்பது என் எண்ணம். சல்சா என்ற பெயர் நியூயார்க்கில் பரவியதுதான் என்றாலும், அதன் அடித்தளம் கிழக்குக் கியூபாவில் உருவான சோன் இசை. அதன் உயிர்நாடி, இரண்டு மரக்குச்சிகளில் ஐந்து தட்டுகளாக ஒலிக்கும் கிளாவே. ஆடும்போது நீங்கள் ஒன்று முதல் எட்டு வரை எண்ணுவது கிளாவேயின் ஒரு முழுச் சுற்று. முன்பாதியில் மூன்றும் பின்பாதியில் இரண்டுமாக வரும் மூன்று-இரண்டு வகையில் தட்டுகள் ஒன்று, இரண்டரை, நான்கு, ஆறு, ஏழு ஆகிய இடங்களில் விழும். ரும்பா கிளாவேயில் மூன்றாவது தட்டு மட்டும் அரை எண்ணிக்கை தள்ளி, நாலரையில் விழும். குழுவினர் முதலில் இதைக் கைதட்டிப் பழகட்டும். உடல் எங்கே நிற்க வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்பது அதன்பின் பெருமளவு தானாகவே தெளியும்.

அடுத்து, பாட்டின் இரு பகுதிகளைக் கவனியுங்கள். கதை சொல்லும் முற்பகுதியில் இணைகள் நெருங்கி, சிறிய அடிகளோடு ஆடலாம். 1940களில் கியூப இசைக்கலைஞர் அர்செனியோ ரோட்ரிகஸ் கோங்கா மேளத்தையும் பியானோவையும் சேர்த்து விரித்தெடுத்த மொந்துனோ என்ற பிற்பகுதியில், பாடகர் புதிது புதிதாக வரிகளை இட்டுக்கட்ட, கூட்டுக்குரல் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பதிலாகச் சொல்லும். பாடகரின் வரிகளுக்கு ஓர் இணையும் கூட்டுக்குரலுக்கு முழுக் குழுவும் ஆடினால், கியூபா உங்கள் மேடைக்குத் தானே வந்துவிடும். ஹவானாவில் 1950களில் வளர்ந்த ருவேதா, அதாவது இணைகள் வட்டமாக நின்று ஆடும் முறை, அதற்கு மிகவும் பொருந்தும்.

குவாகுவாங்கோவில் ஆண் இடுப்பாலோ கையாலோ கைக்குட்டையாலோ சட்டென்று வீசும் சைகைக்குப் பெயர் வாகுனாவ். பெண் அதைப் பாவாடையால் மறைத்துத் தப்புவாள். அந்தத் தப்புதலை விட்டுவிட்டு வீச்சை மட்டும் எடுத்தால் அது வெறும் ஆபாசமாகிவிடும் (மேடைகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்).

தெய்வ நடனங்களில் எனக்குத் தயக்கம் உண்டு. கடல் தெய்வமான யெமாயாவின் அலைவீச்சு, இடித் தெய்வமான சாங்கோவின் கோடரி வீச்சு ஆகியவை வழிபாட்டில் பாத்தா மேளங்களின் குறிப்பிட்ட தாளங்களோடு பிணைந்தவை. நீங்கள் தேர்ந்த பாட்டே அந்தத் தெய்வத்தை அழைக்கிறது என்றால், முறையாகக் கற்றவரிடம் பயின்று ஆடுங்கள். காதல் பாட்டு என்றால் வேண்டாம்.