சதுர அடைப்புக்குறியும் பிரிந்துபோன 'கொ'வும்

கேள்வி: நல்லூர்த் திருவிழாப் படங்களை லினக்ஸ் கணினியில் 'கொடியேற்றம் [2019]' என்ற விதமாகப் பெயரிட்டு வைத்திருக்கிறேன். கட்டளைவரியில் [2019] என்று தேடினால் மற்ற ஆண்டுகளின் படங்களும் வந்து குவிகின்றன. 'கொடியேற்றம்' என்று தேடினால், நண்பரின் பழைய மாக் கணினியிலிருந்து எடுத்த படங்கள் மட்டும் அகப்படுவதில்லை. என்ன செய்யலாம்? (வாசகர், சுன்னாகம்)

பதில்: கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளைக்குச் சதுர அடைப்புக்குறி வெறும் எழுத்தன்று. [2019] என்பதை அது '2, 0, 1, 9 ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று' எனப் பொருள்கொள்வதால், 2018 என்றோ 2022 என்றோ உள்ள பெயர்களும் பொருந்திவிடுகின்றன. மேற்கோள்குறிக்குள் இட்டால் போதுமெனப் பலர் கருதுகின்றனர். அது பாதி வழிதான். நாம் தட்டச்சிடும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் அந்த வடிவத்தைத் தானே விரித்துவிடாமல் மேற்கோள்குறி தடுக்கிறதேயன்றி, ஃபைண்ட் அதைப் பொருள்கொள்ளும் விதத்தை மாற்றுவதில்லை. ஆகவே பின்சாய்வுக்கோடும் (\) சேர்ந்தே வரவேண்டும்:

ஃபைண்ட் . -நேம் '*\[2019\]*'

(கட்டளைச் சொற்களை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிடுங்கள்.) உடுக்குறி (*), வினாக்குறி உள்ள பெயர்களுக்கும் இதே முறைதான். பின்சாய்வுக்கோடுகளால் சலிப்படைவோர், ஃபைண்ட் தரும் பட்டியலைக் குழாய்க்குறி (|) வழியாக, வரிகளுக்குள் தேடும் கட்டளையான கிரெப் -எஃப் '[2019]' என்பதற்கு அனுப்பலாம். இங்கே எஃப் பெரிய எழுத்தாக இருக்கவேண்டும். அது எல்லாக் குறிகளையும் உள்ளபடியே கொள்ளும். ஆனால் கோப்புறைப் பெயர்களையும் சேர்த்தே பார்க்கும்.

இரண்டாவது சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோடு முறையில் 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கோ, கௌ ஆகியவற்றுக்கும் இவ்வாறே. மாக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸோ வழக்கமாக பைட்டுகளை மட்டுமே ஒப்பிடுவதால், திரையில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டும் அதற்கு வெவ்வேறு பெயர்கள்.

உடனடித் தேவைக்கு '*க*டியேற்றம்*' என்று தேடினால் இரு வடிவங்களும் கிடைக்கும். நடுவில் வினாக்குறி இட்டால் அது ஒரு குறியெண்ணுக்கே பொருந்துவதால், பிரிந்த வடிவம் தப்பிவிடும். நிலையான தீர்வு, கன்வ்எம்வி என்னும் சிறு மென்பொருளை நிறுவிப் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதே:

கன்வ்எம்வி -எஃப் யூரிஎஃப்8 -ரி யூரிஎஃப்8 --என்எஃப்சி -ஆர் .

இக்கட்டளை எதையும் மாற்றாது. மாறவிருக்கும் பெயர்களைக் காட்டுவதோடு நின்றுவிடும். அந்தப் பட்டியல் சரியாக இருந்தால், படங்களுக்கு இன்னொரு வன்தட்டில் பிரதி எடுத்துக்கொண்டு, 'சோதனை வேண்டாம்' எனப் பொருள்படும் --நோரெஸ்ற் என்பதைச் சேர்த்து மீண்டும் இயக்குங்கள்.