மூடிலுக்கு டெஸ்ட் தளம் தனியாக வேண்டுமா?

மூடில் என்பது பாடம், தேர்வு, மதிப்பெண்ணையெல்லாம் இணையத்தில் நடத்த உதவும் மென்பொருள். கேள்வி கேட்டவரின் கல்லூரியில் ஒரே ஒரு மூடில் தளம்தான் ஓடுகிறதாம். மாற்றம் எதுவானாலும் இரவு பதினொன்றுக்கு மேல் அதிலேயே நேராகச் செய்துவிடுகிறாராம். மாற்றங்களை முதலில் போட்டுப் பார்க்க டெஸ்ட் தளம் தனியாக வைப்பது இரட்டை வேலைதானே என்கிறார்.

இரட்டை வேலைதான். ஆனாலும் வையுங்கள். ஒரு பொறியியல் கல்லூரியில் ஏழு வருடமாக மூடிலைப் பார்த்துக்கொள்கிறேன். முதல் இரண்டு வருடம் நானும் இரவு பதினொரு மணி ஆசாமிதான்.

மூடிலில் பதிப்பு உயர்த்தினால் டேட்டாபேஸின் அமைப்பே மாறிவிடும். பிடிக்கவில்லை என்று பழைய பதிப்பின் கோட் கோப்புகளைத் திரும்பப் போட்டால் தளம் எழுந்திருக்காது. பேக்கப்பிலிருந்து மீட்டால்தான் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது. மூடில் 4.5க்கு, அது ஓடும் நிரல்மொழியான பிஎச்பி 8.1 போதும், மூடில் 5.0க்கு 8.2 வேண்டும். நீங்கள் கூடுதலாகப் போட்டிருக்கும் பிளகின்களில் (துணை நிரல்களில்) எது இதையெல்லாம் தாங்கும், எது படுத்துவிடும் என்பது ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். தேர் கட்டினால் சாமியை ஏற்றுவதற்கு முன் வெள்ளோட்டம் விடுகிறோமே, அதேதான்.

சரி, இது எல்லோரும் சொல்வது. டெஸ்ட் தளம் வைத்த பிறகு வரும் வம்பைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

லைவை, அதாவது மாணவர்கள் பயன்படுத்தும் நிஜத் தளத்தை, அப்படியே நகலெடுத்து டெஸ்ட் என்று வைத்திருந்தேன். அதே லோகோ, அதே நீலம். ஒரு நாள் காலை ஓர் ஆசிரியர் போன் செய்தார்.

"சார், டெஸ்ட்லதான் இருந்தேன். குவிஸ் அட்டெம்ப்ட் எல்லாத்தையும் செலக்ட் பண்ணி அழிச்சேன். இப்ப பசங்க மார்க் காணோம்னு சொல்றாங்க."

முந்தைய நாள் நடந்த இன்டர்னல் தேர்வு. 62 பேர்.

நடந்தது இதுதான். பாடப் பக்கத்தில் 'தேர்வுக்கு இங்கே சொடுக்கவும்' என்று ஒரு வரி. அதற்கு அவர் லைவ் தளத்தின் முழு முகவரியை ஒட்டியிருந்தார். மூடில் தானாகப் போடும் இணைப்புகள் தளத்தோடு சேர்ந்து மாறிவிடும். கையால் ஒட்டியவை வெறும் எழுத்தாக டேட்டாபேஸில் கிடக்கும், நகலெடுத்தாலும் மாறாது. டெஸ்ட்டில் அந்த வரியைச் சொடுக்கியவர் லைவில் போய் இறங்கிவிட்டார். அதே பிரவுசரில் காலையிலேயே லைவில் லாகின் செய்திருந்ததால் பாஸ்வேர்டுகூடக் கேட்கவில்லை. மூடிலின் குப்பைத்தொட்டி அழித்த குவிஸைப் பிடித்து வைக்கும். அழித்த அட்டெம்ப்டை, அதாவது மாணவர் எழுதிய விடைகளை, பிடிக்காது.

முந்தைய இரவு எடுத்திருந்த பேக்கப்பை டெஸ்ட்டில் ஏற்றி, அந்தக் குவிஸை மட்டும் மாணவர் பதில்களோடு பேக்கப் எடுத்து, லைவில் திரும்பச் சேர்த்து முடிக்க மாலை மூன்றரை ஆகிவிட்டது. கெடுத்ததும் டெஸ்ட் தளம், காப்பாற்றியதும் அதுதான்.

அப்புறம்தான் டெஸ்ட்டின் நிறத்தைக் கத்தரிப்பூவுக்கு மாற்றினேன். அதிலும் ஒரு முறை ஏமாந்தேன். நிறம் டேட்டாபேஸில் இருக்கிறது. அடுத்த தடவை லைவிலிருந்து நகலெடுத்ததும் பழையபடி நீலம் வந்து உட்கார்ந்துகொண்டது. எனவே நிறத்தை டெஸ்ட்டின் கான்ஃபிக் கோப்பில் (தளத்தின் அமைப்புகளை எழுதும் கோப்பில்) கட்டாய அமைப்பாக எழுதிவிடுங்கள். டேட்டாபேஸ் என்ன சொன்னாலும் அங்கே இருப்பதுதான் செல்லும். மெயிலை அடியோடு நிறுத்தும் 'நோ ஈமெயில் எவர்' வரியும் அதே கோப்பில்தான். இதை எழுதி முடிக்கும்வரை டெஸ்ட்டில் கிரானை, அதாவது பின்னணி வேலைகளைத் தானாக ஓட்டும் நிரலை, ஓட விடாதீர்கள். விட்டால், 'அசைன்மென்ட் கெடு நெருங்குகிறது' என்ற மெயில் ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு தடவை போகும். மொபைல் நோட்டிஃபிகேஷனையும் அணைத்துவிடுங்கள். ஒட்டிய முகவரிகளை மாற்ற மூடிலிலேயே தேடி மாற்றும் கருவி ஒன்று இருக்கிறது, மெனுவில் தெரியாது. டெஸ்ட்டில் மட்டும் தொடுங்கள். லைவில் வேண்டவே வேண்டாம்.

கோட் டெஸ்ட்டிலிருந்து லைவுக்குப் போகும், டேட்டா லைவிலிருந்து டெஸ்ட்டுக்கு வரும். டெஸ்ட்டில் ஆசிரியர் ஒரு பாடத்தை உருவாக்கிவிட்டு 'லைவுக்கு எப்போது வரும்' என்று கேட்டால், தானாக வராது. பாடத்தை மட்டும் மாணவர் விவரமில்லாமல் பேக்கப் எடுத்து ஏற்ற வேண்டும். நகலில் இருப்பது உண்மையான மதிப்பெண்ணும் போன் நம்பரும் என்பதால் டெஸ்ட் லாகினை ஊருக்கெல்லாம் கொடுக்காதீர்கள். ஒரு வசதி எப்படி இருக்கிறது என்று பார்க்க மட்டும்தான் என்றால் மூடில் நிறுவனமே நடத்தும் 'சாண்ட்பாக்ஸ்' என்ற சோதனைத் தளம் போதும். அது மணிக்கொரு தடவை தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும்.

அந்த ஆசிரியர் இப்போதும் எதையாவது அழிப்பதற்கு முன் போன் செய்கிறார். "சார், கத்தரிப்பூ கலர்லதான் இருக்கேன். அழிக்கலாமா?"