ஷோரூமில் ஜொலித்த டிவி வீட்டுக்கு வந்ததும் வெளிறுவது ஏன்?

கேள்வி: வேளச்சேரியில் இரண்டாம் மாடி ஃப்ளாட். சோபாவுக்கும் டிவி மாட்டும் சுவருக்கும் 9 அடி. 50 ஆயிரம் ரூபாய் வரை செலவழிக்கலாம். தி.நகரில் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டோம், எல்லா டிவியும் ஒன்றுபோலப் பளபளக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: அந்தப் பளபளப்பில் பாதி கடையின் கைவரிசை. ஷோரூமில் டிவிகள் ‘ஸ்டோர் மோட்’ என்ற அமைப்பில் ஓடும். வெளிச்சம் உச்சத்தில் இருக்கும், நிறம் தூக்கலாக இருக்கும், வெள்ளை லேசாக நீலம் பாரித்திருக்கும். ஓடுகிற வீடியோவும் கம்பெனி கொடுத்ததுதான்: பவளப்பாறை, பூந்தோட்டம், மெதுவாக விழும் தண்ணீர்த் துளி. இருட்டுக் காட்சி வராது, வேகமாக ஓடும் ஆள் வரமாட்டார், மனித முகமே அரிது. எல்லாருக்கும் தெரிந்த பாடத்தில் பரீட்சை வைத்தால் எல்லாரும் நூற்றுக்கு நூறுதான்.

முதலில் அளவை முடித்துவிடுவோம். தூரத்தை அங்குலத்தில் எடுத்து 2-ஆல் வகுத்தால் வசதியான அளவு வரும், 1.6-ஆல் வகுத்தால் தியேட்டர் மாதிரி நிறைவான அளவு வரும். உங்கள் 9 அடி என்பது 108 அங்குலம். ஆக 54 முதல் 67 வரை. உங்கள் பட்ஜெட்டுக்கு 55 அங்குலம். அதன் அகலம் சுமார் 122 செ.மீ., அதாவது 4 அடி. ஷோகேஸுக்குள் வைப்பதாக இருந்தால் டேப் எடுத்து அளந்துவிட்டுக் கிளம்புங்கள். இந்த அளவில் வருவதெல்லாம் 4கே (3840×2160 புள்ளிகள்) என்பதால் அதைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. சொல்லப்போனால் 55 அங்குலத்தில், அதில் கால்வாசிப் புள்ளிகளே உள்ள ஃபுல் ஹெச்டியின் புள்ளிகளே 7 அடிக்கு அப்பால் சாதாரணக் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது. 9 அடியில் உட்காரும் உங்களுக்குப் படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது பேனலின் (திரைப் பலகையின்) கருமை, வெளிச்சம், சீர்மை ஆகிய மூன்றும்தான்.

இவற்றைச் சோதிக்க ஒரு பென் டிரைவ் போதும். அதை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. முழுச் சாம்பல் நிறப் படம் ஒன்று, முழுக் கறுப்பு ஒன்று, கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மெல்ல மாறும் பட்டை ஒன்று, இரவுக் காட்சி உள்ள ஒரு வீடியோ, கேமரா பக்கவாட்டில் நகரும் ஒரு கிரிக்கெட் வீடியோ, நம் ஊர் மாநிறத்தில் முகங்கள் தெரியும் ஏதாவது ஒன்று. கடைக்காரரிடம், ‘ஹோம் மோடுக்கு மாத்துங்க, அப்புறம் மூவி இல்லன்னா சினிமா பிக்சர் மோட் வைங்க’ என்று கேளுங்கள். ரிமோட்டில் இரண்டு நிமிட வேலை. முகம் சுளிக்கிற கடையில் வாங்கவேண்டிய அவசியமில்லை, அடுத்த கடை பத்தடியில் இருக்கிறது. வார நாளில் காலையில் போனால் மறுக்கமாட்டார்கள்.

சாம்பல் படத்தில் அழுக்குத் துடைத்தது போன்ற திட்டுகள், செங்குத்தான நிழல் கோடுகள் இருக்கின்றனவா பாருங்கள். லேசாக இருந்தால் பாதகமில்லை. பளிச்சென்று தெரிந்தால், சேப்பாக்கத்தில் கேமரா பந்தின் பின்னால் ஓடும்போதெல்லாம் பச்சைப் புல்தரையில் அந்தத் திட்டு அசையாமல் நிற்பதைக் காலம் முழுக்கப் பார்க்கவேண்டியிருக்கும். கறுப்புப் படத்தில் மூலைகளிலிருந்து வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க, கண்ணைச் சுற்றி இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு கிட்டே போங்கள். செல்போனில் படமெடுத்துத் தீர்மானிக்காதீர்கள். இருட்டில் போன் கேமரா வெளிச்சத்தைத் தானே கூட்டிக்கொள்ளும், ஒன்றுமில்லாத கசிவுகூடப் பூதாகரமாகத் தெரியும். பட்டைப் படம் படிப்படியாக உடைந்து தெரிந்தால் அது 8 பிட் பேனலாக இருக்கலாம், அல்லது படத்தைச் செப்பனிடும் சிப் சுமாராக இருக்கலாம். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1,024. மாலை வானம் வட்டம் வட்டமாகப் பிரிந்து தெரிவது இதனால்தான்.

அடுத்து, பக்கவாட்டில் நகர்ந்து 45 டிகிரி கோணத்தில் நில்லுங்கள். எல்சிடி பேனலில் இரண்டு ஜாதி. ஐபிஎஸ் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, ஆனால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். அதன் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், பெரும்பாலும் ஆயிரத்துக்கு ஒன்றையொட்டித்தான். விஏ பேனலில் மூவாயிரத்துக்கு ஒன்றும் அதற்கு மேலும் கிடைக்கும், கறுப்பு கறுப்பாகவே இருக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். இரவில் விளக்கணைத்து எதிரே உட்கார்ந்து படம் பார்ப்பவர்கள் விஏ வாங்கட்டும். டைனிங் டேபிளில் ஒருவர், திவானில் ஒருவர், கீழே பாயில் இருவர் என்று பார்க்கிற வீட்டுக்கு ஐபிஎஸ் தேவலை. ஒரே மாடலில் 50 அங்குலம் ஒரு ஜாதியாகவும் 55 வேறு ஜாதியாகவும் இருக்கலாம். அதனால் வாங்கப்போகிற அதே அளவைப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும்.

கடைசியாக டிவியை அணைக்கச் சொல்லிவிட்டுத் திரையைப் பாருங்கள். உங்கள் முகமும் பின்னாலுள்ள ட்யூப்லைட்டும் கண்ணாடி போலத் தெரிந்தால், எதிரே பால்கனி உள்ள ஹாலில் பகல் முழுக்கத் திரையில் பால்கனிதான் தெரியும்.

அட்டையில் எழுதியிருப்பதில் இரண்டை நம்பவேண்டாம். ஹெச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் கூடுதல் வீச்சு தரும் பட முறை. ‘ஹெச்டிஆர் சப்போர்ட்’ என்றால் அந்த சிக்னலை ஏற்றுக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். விலை மலிந்த டிவிகளின் வெளிச்சம் 250 முதல் 350 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு). ஹெச்டிஆர் கண்ணில் படவேண்டுமானால் 600-க்கு மேலாவது வேண்டும். குறைந்த வெளிச்சத்தில் ஹெச்டிஆர் படம் சாதாரணப் படத்தைவிட மங்கலாகக்கூட இருக்கும். ‘மோஷன் ரேட் 120’ மாதிரியான எண்களும் அப்படித்தான். ‘பேனல் ரெஃப்ரெஷ் ரேட் எத்தனை ஹெர்ட்ஸ்?’, அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும் என்று கேளுங்கள், பதில் 60 என்றுதான் பெரும்பாலும் வரும். சீரியலுக்கும் செய்திக்கும் 60 தாராளம்.

விலை பற்றி ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முன் 50,000 ரூபாய்க்கு விற்ற டிவி, கடை ஒரு பைசா விட்டுக்கொடுக்காமலே சுமார் 46,100-க்கு வரவேண்டும். ‘பழைய விலை’யை அடித்துக் காட்டுகிற பொங்கல் தள்ளுபடியை இந்தக் கணக்கிலிருந்து பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மூவி மோட், கலர் டெம்பரேச்சர் ‘வார்ம்’, ஷார்ப்னஸைப் பெருமளவு குறைத்து, மின்சேமிப்பு மோடை அணைத்து வையுங்கள். முதல் இரண்டு நாள் திரை மஞ்சளாகத் தோன்றும். கடையில் பார்த்த நீல வெள்ளைக்குப் பழகிய கண் அது, சரியாகிவிடும். நடிகர்கள் வழுக்கிக்கொண்டு நடப்பதுபோல் சினிமா சீரியல் மாதிரித் தெரிந்தால், அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங் வசதியை அணையுங்கள்.

கேள்வி: புது 4கே டிவியில் சீரியல் எல்லாம் மசமசவென்று தெரிகிறது. பழைய டிவியிலேயே இதைவிட நன்றாக இருந்தது. கடையில் கேட்டால் ‘செட்டாப் பாக்ஸ் கோளாறு’ என்கிறார்கள். தட்டிக்கழிக்கிறார்களா? (பெரம்பூர் வாசகி)

பதில்: இந்த ஒரு விஷயத்தில் கடைக்காரர் சொல்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதே சீரியலை அந்தச் சேனலின் ஆப்பில் டிவியிலேயே போட்டுப் பாருங்கள். அங்கே தெளிவாக இருந்தால் டிவியில் குற்றமில்லை.

சாதாரண எஸ்டி சேனலின் படம் 720×576 புள்ளிகள். உங்கள் திரை 3840×2160. கணக்குப் போட்டால் சரியாக 20 மடங்கு. அதாவது 20 புள்ளியில் 19-ஐ டிவி ஊகித்து நிரப்புகிறது. ஒரு ஆளுக்கான மாவில் இருபது பேருக்கு இட்லி வார்க்கிற கதை. பழைய 32 அங்குல டிவியில் இந்த இட்டுநிரப்பல் குறைவு, திரையும் சின்னது, குறை மறைந்திருந்தது.

ஹெச்டி பாக்ஸ் வாங்கினால் இந்த 20 மடங்கு 4 மடங்காகிவிடும். ஏற்கெனவே ஹெச்டி பாக்ஸ்தான் என்றால் மூன்று இடத்தில் பாருங்கள். பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் சொருகியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஹெச்டிஎம்ஐ கேபிள் போடுங்கள், அந்தப் பழைய ஒயரில் ஹெச்டி போகவே போகாது. பாக்ஸின் செட்டிங்கில் வீடியோ அவுட்புட் 576 என்றிருந்தால் 1080-க்கு மாற்றுங்கள். பிறகு, பார்க்கிற சேனல் எண் ஹெச்டியுடையதுதானா? ஒரே சேனலுக்கு இரண்டு எண் இருக்கும், கை பழக்கத்தில் பழைய எண்ணைத்தான் அழுத்தும். ஹெச்டி சேனல் உங்கள் பேக்கில் இல்லையென்றால் கேபிள்காரரிடம் சேர்க்கச் சொல்லவேண்டும்.

கேள்வி: திருவான்மியூரில் கடலிலிருந்து மூன்றாவது தெரு. அம்மாவுக்கு ஓஎல்இடி டிவி வாங்கித் தர ஆசை. காலையிலிருந்து இரவு வரை நியூஸ், சீரியல் என்று டிவி ஓடிக்கொண்டேயிருக்கும். வாங்கலாமா?

பதில்: படம் என்று பார்த்தால் ஓஎல்இடிக்கு நிகரில்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் கறுப்பு என்றால் முழுக் கறுப்பு. ஆனால் அம்மா பார்க்கிற முறைக்கு இது வேண்டாம். ஒளிரும் பொருள் உழைக்க உழைக்கத் தேயும். மூலையில் சேனல் லோகோ, கீழே நாள் முழுக்க ஓடும் செய்திப் பட்டை என்று ஒரே இடம் ஆண்டுக்கணக்கில் எரிந்தால், சேனலை மாற்றினாலும் அதன் நிழல் திரையில் தங்கிவிடும். வாரன்டி அட்டையில் பொடி எழுத்தில் இதற்கு விலக்கு இருக்கிறதா என்று படித்துவிட்டுத்தான் பணம் கட்டவேண்டும்.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கம், ராத்திரி சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் படுப்பது. ஓஎல்இடி டிவி சில மணி நேரம் ஓடியபின், ரிமோட்டில் அணைத்த நிலையில் தானாகச் சில நிமிடம் புள்ளிகளைச் சீர்செய்துகொள்ளும். சுவர் ஸ்விட்சை அணைத்தால் அந்த வேலை நடக்காது, தேய்மானம் சீக்கிரம் கண்ணில் படும்.

மினி எல்இடி வாங்குங்கள். திரைக்குப் பின்னே சின்னச் சின்ன விளக்குகள் பகுதி பகுதியாக மங்கும், கறுப்பு ஓரளவு கிட்ட வரும், லோகோ பயமில்லை. எத்தனை டிம்மிங் ஸோன் (தனித்தனியாக மங்கும் பகுதி) என்று கேளுங்கள், எண்ணிக்கை கூடக் கூட நல்லது. க்யூஎல்இடி என்பது பெயரில்தான் ஓஎல்இடிக்குத் தம்பி, உள்ளே அது பேக்லைட் உள்ள எல்சிடிதான்.

உப்புக்காற்று எந்த டிவியையும் விடாது. போர்டிலும் கனெக்டரிலும் ஈர உப்பு படிந்து அரிக்கும். கடல் பக்க ஜன்னலுக்கு நேரே மாட்டவேண்டாம். துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும்.

கேள்வி: ரிச்சி தெருவில் 32 அங்குலம், ‘4கே ஆண்ட்ராய்டு’ டிவி அடிமாட்டு விலைக்குச் சொன்னார்கள். நம்பலாமா?

பதில்: ‘4கே சப்போர்ட்’ என்று இருந்திருக்கும். 4கே வீடியோவைப் பிரித்துப் படிக்கும், பேனல் 1366×768 தான். ஸ்பெக்கில் ‘ரெசல்யூஷன்’ வரியை மட்டும் பாருங்கள். பின்புற லேபிளில் ஆர் என்ற ஆங்கில எழுத்தோடு 8 இலக்க பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கவேண்டும், பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் அது யாருடையது என்று தெரியும். ஆண்ட்ராய்டு என்பதிலும் சூது உண்டு: வைட்வைன் எல்1 (வீடியோ திருட்டைத் தடுக்கும் பாதுகாப்பின் உயர்நிலை) சான்று இல்லாத டிவியில் ஓடிடி ஆப்கள் எஸ்டி தரத்தில்தான் ஓடும். ஜிஎஸ்டி பில் தரமாட்டேன் என்றால் வாரன்டியும் வாய்ச்சொல்தான்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கினேன். டெலிவரியாகி நாலு நாள் கழித்து இன்ஸ்டலேஷனுக்கு வந்தவர் பெட்டியைப் பிரித்ததும் திரையில் கறுப்புக் கோடு. ‘இது ஃபிஸிக்கல் டேமேஜ், வாரன்டி கிடையாது’ என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: பெட்டியைப் பிரித்தது கம்பெனி ஆள் என்பதுதான் உங்கள் பலம். அவர் தரும் ஜாப் ஷீட்டில், ‘பெட்டி என் முன்னிலையில் பிரிக்கப்பட்டது’ என்று எழுதி வாங்குங்கள். பெட்டியின் நான்கு பக்கம், மூலைகள், சீரியல் எண், கோடு எல்லாவற்றையும் படமெடுங்கள். பெட்டியையும் தெர்மோகோலையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ரிட்டர்ன் கெடு முடியும் முன் ஆப்பில் புகார், கூடவே விற்றவருக்கும் கம்பெனிக்கும் மின்னஞ்சல். போனில் பேசியது எதுவும் ஆவணமாகாது.

ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல விவகாரங்கள் அங்கேயே முடியும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சென்னையில் வடக்கு, தெற்கு என இரண்டு உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி இணையதளத்திலேயே தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு ஆண்டு.

இனி வாங்குகிறவர்களுக்கு: ஓப்பன் பாக்ஸ் டெலிவரி (கொண்டுவருபவரே உங்கள் முன் பெட்டியைப் பிரித்துக் காட்டுவது) இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். மாட்டிய அன்றே சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று முழுத்திரையில் ஓட்டிச் செத்த புள்ளி இருக்கிறதா பாருங்கள். 83 லட்சம் புள்ளிகளில் ஒன்றிரண்டு செத்திருந்தால் கம்பெனி வாரன்டியில் மாற்றித் தருவது அபூர்வம். ரிட்டர்ன் கெடு இருக்கும்போதே திருப்பிவிடவேண்டும்.

கேள்வி: டிவிக்கு ஸ்டெபிலைசர் தேவையா?

பதில்: பின்புறம் ‘100-240 வோல்ட்’ என்று அச்சிட்டிருந்தால் ஏற்ற இறக்கத்தை டிவியே சமாளிக்கும். போர்டைக் கொல்வது நொடிநேரப் பாய்ச்சல். அதற்கு நல்ல ஸ்பைக் கார்டு போதும், சுவர் பிளக்கில் எர்த் இருந்தால் மட்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் பவர் பிளக்கை மட்டும் பிடுங்கினால் பாதி வேலைதான். டிஷ் ஒயரையும் லேன் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள்.