ஓரத்திலிருந்து இரண்டு முழம்

(சைக்கிளும் சாலையும் பற்றி டெல்டா ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்பவர், முப்பது ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். தடுப்பூசிப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிளிலேயே ஊர் ஊராகப் போனவர். இப்போது தஞ்சாவூர் கரந்தையில் இருக்கிறார். கீழவாசல் மார்க்கெட்டுக்கு இன்றும் சைக்கிளில்தான் போகிறார்.)

தாராசுரத்திலிருந்து கும்பகோணம் கடைத்தெருவுக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். முடிந்த அளவு ஓரமாகத்தான் போகிறேன். அப்படியும் பைக்கும் காரும் கையை உரசிக்கொண்டு போகின்றன. இன்னும் எவ்வளவுதான் ஓரம் போவது?
– பாத்திரக் கடை ஊழியர், தாராசுரம்

தம்பி, ஓரம் போனது போதும். கொஞ்சம் உள்ளே வாருங்கள். தார் முடிகிற இடத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி உங்கள் சக்கரம் உருளட்டும். பூக்காரம்மா அளக்கிறாரே, அந்த முழம்தான்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 1998-ல் திருவையாறு பக்கம் வேலை. அன்று புதன்கிழமை, தடுப்பூசி நாள். காலையில் ஐஸ் வைத்த பெட்டியை வாங்கி, பழைய டியூபால் கேரியரில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பேருந்து விடாமல் ஹார்ன் அடித்தது. பயந்துபோய் இன்னும் இடது பக்கம் ஒதுங்கினேன். முன்சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கிவிட்டது. ஐப்பசி மழை மண்ணை அரித்திருந்ததால், தாருக்கும் மண்ணுக்கும் நடுவே நாலு விரல் உயரத்துக்குப் படி மாதிரி நின்றது. ஹேண்டில்பாரை லேசாக வளைத்து மேலே ஏற்றப் பார்த்தேன். அந்த விளிம்பில் சக்கரம் சாய்வாக ஏறாது, உரசி வழுக்கும். நான் சாலைப் பக்கம் விழுந்தேன். பேருந்து போய்விட்டது. அதற்குப் பின்னால் வந்த நெல் லாரிக்காரர் பிரேக்கை மிதித்து நிறுத்தியதால்தான் இன்று உங்களுக்குப் பதில் எழுதுகிறேன். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. குப்பிகள் ஒன்றும் உடையவில்லை. வேறொரு செவிலியர் வந்து, அன்றைக்கு வர வேண்டிய பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்டார்.

சைக்கிளைச் சரிசெய்த கடைக்காரர், வாடகை சைக்கிள் விட்ட காலத்திலிருந்து கடை வைத்திருந்தவர், கோணிப்போன ரிம்மை நிமிர்த்திக்கொண்டே சொன்னார்: “தார் விளிம்புல போவாதீங்கம்மா. உங்க வீலுக்கும் விளிம்புக்கும் நடுவுல ஒரு கன்னுக்குட்டி படுக்கிற எடம் விடுங்க.” அன்றிலிருந்து அப்படித்தான் ஓட்டுகிறேன்.

முதலில் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பின்னால் வருபவருக்குக் கோபம் வருமே என்று. ஓட்டிப் பார்த்த பிறகு புரிந்தது. விளிம்பை ஒட்டிப் போகிற ஆளைப் பார்த்தால், ‘இதே இடத்தில் நாமும் நுழைந்துவிடலாம்’ என்று பின்னால் வருபவருக்குத் தோன்றிவிடுகிறது. எதிரே பேருந்து வந்தாலும் நுழைகிறார். உங்கள் கை உரசப்படுவது அப்போதுதான். இரண்டு முழம் உள்ளே இருந்தால் அவரால் அப்படி நுழைய முடியாது. எதிர் வண்டி போகட்டும் என்று இரண்டு நொடி பொறுத்து, விலகித் தாண்டுவார். அப்படியும் ஒருவர் நெருக்கினால், ஒதுங்குவதற்கு உங்கள் இடது கைப்பக்கம் இடம் மிச்சம் இருக்கிறது. விளிம்பிலேயே போகிறவருக்கு அடுத்து இருப்பது சாக்கடையோ வாய்க்காலோதான்.

கும்பகோணத்தில் கார்க் கதவையும் கவனிக்க வேண்டும். நவக்கிரகக் கோயில்களுக்கு வருபவர்களில் பலர் உங்கள் ஊரில்தான் தங்குகிறார்கள். கோயில் தெருக்களில் கார், வேன் வரிசையாக நிற்கும். வெளியூர் ஓட்டுநர் வழி பார்க்கும் அவசரத்தில் பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்துவிடுவார். திறந்த கதவு ஒரு மீட்டர் வரை வெளியே வரும். நிற்கும் வண்டியிலிருந்தும் அந்த அளவு தள்ளியே போங்கள். பின்கண்ணாடியில் தலை தெரிகிறதா, பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்ததா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வண்டிகளுக்கு நடுவே இடம் கிடைக்கும்போதெல்லாம் உள்ளே போய் மறுபடி வெளியே வருவது வேண்டவே வேண்டாம். நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று பின்னால் வருபவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். நேர்கோட்டில் போனால் தெரியும். விலக வேண்டிய இடத்தில் முதலில் வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பாருங்கள், பிறகு கையை நீட்டுங்கள், அதற்கு அப்புறம் திரும்புங்கள்.

இடது பக்கம் ஒதுங்குகிற பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவில் மட்டும் எந்த அவசரத்திலும் புகாதீர்கள். அங்கே இருக்கும் சைக்கிள், பேருந்தை ஓட்டுபவரின் கண்ணில் படாது.

குறுகலான தெருவில் பின்னால் நாலைந்து வண்டி சேர்ந்துவிட்டால், இடம் இருக்கும் இடத்தில் நின்று வழி விட்டுவிடுவேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். நின்று வழி விடுவது வேறு, ஓடிக்கொண்டே ஓரத்தில் ஒடுங்குவது வேறு.

பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்குப் பள்ளியில் அரசு சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள். பள்ளி ஐந்து கிலோமீட்டர். சைக்கிள் ஆபத்து, ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன் என்கிறார் அவள் அப்பா. அவளுக்கு 16 வயது.
– ஒரு தாய், மன்னார்குடி

தங்கச்சி, அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சொல்லும் வழிதான் கூடுதல் ஆபத்து. 16 வயதில் 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்குத்தான் உரிமம் கிடைக்கும். இன்று கடையில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் அதைவிடப் பெரியவை. உரிமம் இல்லாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்து அவள் மாட்டிக்கொண்டால், பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

சைக்கிளை முதலில் ஒரு கடையில் கொடுத்து எல்லா நட்டையும் இறுக்கி, பிரேக்கைச் சரிபார்த்து வாங்குங்கள். புது சைக்கிள் எதுவானாலும் இது வேண்டும். புத்தகப் பை கேரியரில் இருக்கட்டும், ஹேண்டில்பாரில் தொங்க வேண்டாம். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளட்டும். சக்கரத்தில் சிக்கிய துப்பட்டாவால் கழுத்தில் காயம்பட்ட பெண்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

அப்புறம் முக்கியமானது: அப்பா ஒரு வாரம் இன்னொரு சைக்கிளில் அவளோடு போகட்டும். பள்ளி நேரத்திலேயே போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலியான சாலையில் போய்ப் பிரயோஜனம் இல்லை. முதல் மூன்று நாள் அவர் முன்னால், அடுத்த மூன்று நாள் அவர் பின்னால். எந்த இடத்தில் டிப்பர் லாரி வளைகிறது, எந்த இடத்தில் மினிபஸ் திடீரென்று நிற்கிறது என்று இருவருக்கும் தெரிந்துவிடும். பெரிய சாலையில் வலது பக்கம் திரும்பும் இடத்தில், இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கச் சொல்லுங்கள்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். நானும் அவர்கள் பயிற்சி கொடுத்த மைதானத்தில்தான் கற்றுக்கொண்டேன். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை, பார் வைத்த ஆண்கள் சைக்கிளில்தான் ஏறினோம். அதுவரை எங்கே போவதென்றாலும் யாராவது கொண்டுபோய் விட வேண்டும் என்று காத்திருந்தவள் நான். உங்கள் மகள் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சாவியை வாங்கி வைத்துவிடாதீர்கள்.

எப்போதும் கார் ஓட்டுபவரையே குறை சொல்கிறீர்கள். சைக்கிள்காரர்கள் எதிர்த்திசையில் வருகிறார்கள், இரவில் விளக்கு இல்லை. இது நியாயமா?
– கார் வைத்திருப்பவர், மயிலாடுதுறை

உங்கள் குறை நியாயமானது, சார். இரண்டுமே தவறு. எதிர்த்திசையில் வந்தால் வண்டி கண்ணுக்குத் தெரிகிறதே, அதனால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். கார் 40 கிலோமீட்டர் வேகம், சைக்கிள் 15. ஒரே திசையில் போனால் இடைவெளி 25 கிலோமீட்டர் வேகத்தில் குறையும். எதிரெதிரே வந்தால் 55. முப்பது மீட்டர் தூரத்தில் நீங்கள் அவரைப் பார்த்தால், முதலாவதில் நாலு நொடி கிடைக்கும். இரண்டாவதில் இரண்டே நொடி.

நடுவில் தடுப்பு வைத்த சாலையில் அரை கிலோமீட்டர் போய்த் திரும்பி வர வேண்டியிருப்பதால்தான் வயதானவர்கள் எதிரே வருகிறார்கள். இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு வாருங்கள் என்று அவர்களுக்குச் சொல்கிறேன். விளக்கும் அப்படித்தான். டைனமோ காலம் போய்விட்டது. பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு ஒன்று, முன்னால் வெள்ளை ஒன்று, இரண்டும் இல்லாமல் இருட்டில் சைக்கிள் எடுக்கக்கூடாது.

உங்களிடமும் சில கேட்கிறேன். தாண்டும்போது மூன்று முழம் விட்டுத் தாண்டுங்கள், இடம் இல்லையென்றால் பின்னால் வாருங்கள். எதிரே சைக்கிள் தெரிந்தால் ஹைபீமை இறக்குங்கள். அந்த வெளிச்சத்தில் சைக்கிள்காரருக்குச் சாலையே மறைந்துவிடும், பள்ளம் எங்கே தெரியும்? பக்கத்தில் வந்து ஹார்ன் அடிக்காதீர்கள். அடிக்க வேண்டுமானால் தூரத்திலேயே ஒரு முறை போதும். தேவையில்லாமல் ஹார்ன் அடிப்பதற்குச் சட்டத்திலேயே 1,000 ரூபாய் அபராதம் உண்டு. கார்க் கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். வலது கதவை இடது கையால் திறக்க உடம்பு திரும்பும்போது கண்ணும் பின்னால் போகும்.

சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமா?
– கல்லூரி மாணவர், திருவாரூர்

சட்டப்படி இல்லை. நான் போடுகிறேன். தலையில் அடிபட்டவர்களைப் பார்த்த கண் இது.

அறுவடை நேரத்தில் சாலையிலேயே நெல் காயப்போடுகிறார்கள். சைக்கிளில் எப்படிப் போவது?
– ஆசிரியை, நீடாமங்கலம்

நெல்மணி மேல் டயருக்குப் பிடிமானம் இருக்காது. வேகத்தை முன்னாலேயே குறைத்துவிட்டு, மிதிக்காமல், திருப்பாமல், நேராக உருளவிடுங்கள். நெல் மேல் முன்பிரேக்கைப் பிடிக்காதீர்கள். இரவில் இறங்கிவிடுவதே நல்லது. குவியலைச் சுற்றி வைத்த கல்லும் கட்டையும் கண்ணுக்குத் தெரியாது. வைக்கோல் இன்னும் மோசம், ஃப்ரீவீலிலும் செயினிலும் சுற்றிக்கொள்ளும். காயப்போடுபவரிடம் சண்டை வேண்டாம். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று கொள்முதல் நிலையத்தில் கணக்கு, தளர்வு கிடைக்கிற ஆண்டும் உண்டு. களம் இல்லாதவர் எங்கே போவார்? பாதிச் சாலையை விட்டு, இரவில் கல்லை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் கேளுங்கள்.

சைக்கிளில் போன அப்பாவை ஒரு வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கால் எலும்பு முறிந்திருக்கிறது. வண்டி எண் தெரியாது. ஏதாவது வழி உண்டா?
– மகன், பாபநாசம்

உண்டு. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து எஃப்ஐஆர் நகல் வாங்கினீர்களா? இல்லையென்றால் இன்றே போங்கள். வண்டி எண் தெரியாவிட்டாலும் பதிவு செய்வார்கள். இடித்துவிட்டு ஓடிய வண்டி கிடைக்காவிட்டால், மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். 2022 ஏப்ரலிலிருந்து இந்தத் தொகை. எலும்பு முறிவு சட்டத்தில் கொடுங்காயம்தான். எஃப்ஐஆர், மருத்துவச் சான்று, வங்கிக் கணக்கு விவரத்தோடு தாலுகா அல்லது கோட்ட அளவிலான வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். பின்னால் வண்டி கிடைத்துவிட்டால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். தமிழ்நாட்டுச் சாலைகளில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் இலவசம். அந்தத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் கிடைக்கும். கழுத்தையும் முதுகையும் அசைக்காமல், 108-க்குக் கூப்பிடுங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள், அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பது சிக்கலாகும். உதவிய ஆளை வழக்கில் இழுக்கக்கூடாது என்று சட்டமே பாதுகாப்புக் கொடுக்கிறது.

எனக்கு 71 வயது. கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்தது. தினமும் காவிரிப் படித்துறைக்குச் சைக்கிளில் போவேன். இனி வேண்டாம் என்கிறார்கள் பிள்ளைகள்.
– ஓய்வுபெற்றவர், திருவையாறு

அய்யா, கண் மருத்துவர் சரி என்று சொல்லும் வரை எடுக்காதீர்கள். தூசியும் காற்றும் ஆறாத கண்ணுக்கு ஆகாது. அவர் சொன்ன பிறகு, வீட்டு வாசலில் நின்று நேரே பார்த்துக்கொண்டே இரண்டு பக்கமும் கையை அசைத்துப் பாருங்கள், ஓரப்பார்வை தெரிகிறதா என்று. ரத்த அழுத்த மாத்திரை போட்டுவிட்டு உடனே எழுந்தால் தலை சுற்றுகிறதா என்றும் பாருங்கள். சுற்றினால் டாக்டரிடம் கேட்காமல் ஏறக்கூடாது.

சீட்டை இறக்கி, உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். காலைத் தூக்கிப் போட வேண்டாத லேடீஸ் சைக்கிள் உங்களுக்குச் சுலபம். வலது பக்கம் ஒரு கண்ணாடி மாட்டுங்கள். விடிந்த பிறகு புறப்படுங்கள். முதல் நாள் ஒரு பிள்ளையைப் பின்னாலேயே சைக்கிளில் வரச் சொல்லுங்கள். அவர் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.