கூர்ப்பா, வடிவமைப்பா? உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

"அறிவார்ந்த வடிவமைப்பை உலகமே ஏற்கத் தொடங்கிவிட்டது" என்று சொல்லும் காணொளி ஒன்று திருகோணமலையில் பலருடைய போனில் சுற்றுகிறது. உயர்தர வகுப்புக்கு நீண்ட காலம் உயிரியல் படிப்பித்தவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்தன.

சேர், அப்படியென்றால் என்ன? (உயர்தர மாணவி, உப்புவெளி)

உயிர்களில் உள்ள சில அமைப்புகள் படிப்படியாக உருவாகியிருக்க முடியாது, ஓர் அறிவுதான் திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டும் என்பது வாதம், மகள். அமெரிக்க உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி 1996இல் இதைப் பிரபலமாக்கினார். எலிப்பொறியில் ஒரு துண்டைக் கழற்றினால் எலி பிடிபடாது. பற்றீரியா நீந்தப் பயன்படுத்தும், சுழலும் வால் போன்ற சவுக்குமுளையும் அப்படித்தான் என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சவுக்குமுளையின் அடிப்பகுதிப் புரதங்களை ஒத்த புரதங்களைக் கொண்டே சில பற்றீரியாக்கள் நஞ்சு செலுத்தும் ஊசி ஒன்றை வைத்திருக்கின்றன. அது சுழலாது, ஆனாலும் தன் வேலையைச் செய்கிறது. துண்டுக்குத் தனியாக ஒரு பயன் இருக்கலாம் என்று ஆனபிறகு எலிப்பொறி உவமை நிற்காது.

மாஸ்டர், நான் நிலாவெளியில் படகு ஓட்டுகிறேன். திமிங்கிலத்தைப் பார்த்தபிறகும் தற்செயல் என்று எப்படிச் சொல்வது?

தம்பி, கூர்ப்பு, அதாவது உயிர்கள் தலைமுறை தலைமுறையாக மாறிவரும் பரிணாமம், வெறும் தற்செயல் இல்லை. மாற்றங்கள் தற்செயலாக வருகின்றன. எது நிலைக்கும் என்பதைச் சூழல் தீர்மானிக்கிறது. நீங்கள் பார்க்கும் நீலத் திமிங்கிலத்தின் உடலுக்குள் முதுகெலும்போடு சேராத சிறிய இடுப்பெலும்புகள் உண்டு. பின்னங்கால் இல்லாத விலங்குக்கு அவை எங்கிருந்து வந்தன? அதன் முன்னோர் நாலு காலில் நடந்தவை. சுமார் 5 கோடி வருடத்துக்கு முந்தைய அவற்றின் எலும்புகள் பாகிஸ்தானில் கிடைத்திருக்கின்றன.

அப்புறம் மீன் சந்தைக்குப் போனால் கணவாயின் கண்ணை ஒருமுறை பாருங்கள். நம் கண்ணில் நரம்பு இழைகள் விழித்திரைக்கு முன்னால் ஓடி, அதைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகின்றன. அந்த இடத்தில் பார்வை இல்லை. குருட்டிடம் என்று படிப்பிப்போம். கணவாய்க்கு நரம்பு பின்னால் ஓடுவதால் குருட்டிடமே கிடையாது. வெவ்வேறு வழியில் வந்த இரண்டு கண்கள் என்றால் இது விளங்குகிறது. ஒரே பொறியியலாளர் வரைந்தவை என்றால் எனக்கு விளங்கவில்லை.

உலகம் ஏற்கிறது என்பது உண்மையா சேர்? (ஆசிரியை, மூதூர்)

பரவுகிறது என்பது உண்மை, ரீச்சர். அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள டிஸ்கவரி நிறுவனம் இதற்காகவே ஒரு மையம் நடத்துகிறது. பிரேசிலில் மெக்கன்சி பல்கலைக்கழகம் 2017இல் அதனோடு சேர்ந்து ஒரு மையம் திறந்தது. அதே வருடம் துருக்கி பாடசாலைப் பாடவிதானத்திலிருந்து கூர்ப்பை எடுத்தது. இந்தியாவில் 2023இல் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்தும் அது போனது. பின்னைய இரண்டும் இந்த வாதத்தின் வெற்றி இல்லை. அவை அரசுகள் எடுத்த முடிவு. எந்த ஆய்வுகூடமும் சொன்னதில்லை.

வாதத்தையே ஒரு நீதிமன்றம் விசாரித்தது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து டோவர் ஊர்ப் பாடசாலை வழக்கில். 2005 டிசம்பரில் நீதிபதி ஜான் ஜோன்ஸ் இது விஞ்ஞானம் அல்ல என்று தீர்ப்பளித்தார். அங்கே ஒரு பாடப்புத்தகத்தின் பழைய வரைவுகள் வெளியே வந்தன. கடவுளே உயிர்களை நேரடியாகப் படைத்தார் என்னும் படைப்புவாதத்தை அரச பாடசாலையில் விஞ்ஞானமாகப் படிப்பிக்க முடியாது என்று 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னபின், அதில் 'படைப்புவாதிகள்' என்று இருந்த இடங்களில் 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்று மாற்றியிருந்தார்கள். எனக்கு இதுதான் மனம் வருந்திய இடம். நம்பிக்கையை நம்பிக்கை என்றே சொல்லியிருக்கலாமே.

அப்போ கடவுள் இல்லை என்கிறீர்களா ஐயா? (கோணேசர் அடியார்)

இல்லை ஐயா. நானும் கோணேசர் மலை ஏறுபவன்தான். நம் சைவ சித்தாந்தமும் காரியத்திலிருந்து கர்த்தாவைக் காண்கிறது: குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். ஆனால் மெய்கண்டார் உலகம் முழுவதையும் வைத்துப் பேசினார். விஞ்ஞானம் இன்னும் விளக்காத இடுக்கு ஒன்றில் இறைவனை இருத்தவில்லை. இடுக்கில் இருத்தினால், நாளை ஒரு ஆய்வு அந்த இடுக்கை அடைக்கும்போது என்ன செய்வது? டோவர் வழக்கில் வடிவமைப்புக்கு எதிராகச் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர்.

மகள் பரீட்சையில் கூர்ப்பை எழுதினால் பாவமா? (தாய், நிலாவெளி)

இல்லை அம்மா. விளங்கி எழுதச் சொல்லுங்கள். விளங்காத இடம் இருந்தால் புத்தகத்தோடு என் வீட்டுக்கு அனுப்புங்கள்.