பேட்டரி இல்லாத படகு எஞ்சினில் தீப்பொறி எப்படி வருகிறது?

கேள்வி: என்னிடம் கயிற்றை இழுத்துக் கிளப்பும் பழைய, சிறிய அவுட்போர்டு பெட்ரோல் எஞ்சின் ஒன்று இருக்கிறது. பேட்டரியே இல்லாத அதில் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? சில வாரங்கள் ஓட்டாமல் வைத்துவிட்டால், டாங்கில் புதுப் பெட்ரோல் ஊற்றியும் அது கிளம்ப மறுப்பது ஏன்?

பதில்: அந்த மின்சாரத்தை உண்டாக்குவது உங்கள் கைதான். கயிற்றை இழுக்கும்போது எஞ்சினின் தலைப்பகுதியில் உள்ள ஃப்ளைவீல் சுழல்கிறது. அந்தக் கனத்த சக்கரத்தின் உள்விளிம்பில் நிலைக்காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கும். அதன் அடியில், இரும்புத் தகடுகளை அடுக்கிய கருவின்மேல் செப்புக் கம்பி சுற்றிய காயில் அசையாமல் நிற்கும். காந்தம் கடந்து போகும்போது கருவினூடே காந்தப்புலம் மாறுகிறது. மாறும் காந்தப்புலம் கம்பியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பது 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த உண்மை. இந்த அமைப்பை மேக்னெட்டோ என்கிறோம்.

காயிலில் இரண்டு சுருள்கள் உண்டு: தடித்த கம்பியில் குறைந்த சுற்றுகள் கொண்ட முதன்மைச் சுருள், தலைமுடி போன்ற கம்பியில் பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட துணைச் சுருள். காந்தம் நெருங்கும்போது கான்டாக்ட் பாயின்ட்டுகள் (ஸ்விட்சைப்போல் திறந்து மூடும் இரு உலோக முனைகள்) மூடியிருப்பதால் முதன்மைச் சுருளில் மின்னோட்டம் பாய்கிறது. பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன், தண்டோடு சுழலும் மேடுள்ள துண்டான கேம் அந்தப் பாயின்ட்டுகளைச் சுமார் அரை மில்லிமீட்டர் அளவுக்குத் திறந்துவிட, மின்னோட்டம் சட்டென்று அறுபட்டுக் காந்தப்புலம் சரிந்து, துணைச் சுருளில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேலான அழுத்தம் எழுகிறது. அதுவே பிளக்கின் முனைகளுக்கு நடுவிலுள்ள சிறு இடைவெளியைத் தாவித் தீப்பொறியாகிறது. திறக்கும் பாயின்ட்டுகளுக்கு இடையிலேயே மின்சாரம் தாவிவிடாமல் காப்பது, அந்த மின்சாரத்தைக் கணநேரம் ஏந்திக்கொள்ளும் கன்டென்சர். அது கெட்டால் பாயின்ட்டுகள் கருகிப் பிளக்கின் பொறி மெலியும். பிற்கால எஞ்சின்களில் பாயின்ட்டுகளுக்குப் பதிலாக சிடிஐ என்னும் மின்னணுப் பெட்டி இந்த வேலையைச் செய்கிறது.

காந்தம் எவ்வளவு வேகமாகக் கடக்கிறதோ அவ்வளவு வலுவாகப் பொறி அடிக்கும். ஆகவே தயங்கித் தயங்கி இழுப்பதால் பயனில்லை. கயிறு இறுகும்வரை மெல்ல இழுத்து, அங்கிருந்து ஒரே வீச்சில் விரைவாக இழுங்கள்.

ஓடாமல் நின்ற எஞ்சின் மறுத்தால் பெரும்பாலோர் கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள். பழைய பெட்ரோல் பிசினாகி அதன் நுண்துளைகளை அடைப்பதும் உண்டுதான். ஆனால் கடலில் ஓடும் எஞ்சினில் நான் முதலில் பார்க்கச் சொல்வது பொறியைத்தான். பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதன் கம்பியிலும் படியும் உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்துக்கு வழிவிடுவதால், தீப்பொறியாக வேண்டிய மின்சாரம் வெளியிலேயே கசிந்துவிடும். சும்மா கிடந்த பாயின்ட்டுகளில் களிம்பு ஏறினாலும் முதன்மைச் சுருளில் மின்னோட்டம் பாயாது.

பிளக்கைக் கழற்றி, அதன் கம்பியை மாட்டி, பிளக்கின் உலோக உடல் எஞ்சினில் நன்றாகத் தொடும்படி வைத்து, கயிற்றை இழுத்துப் பாருங்கள். சிலிண்டரின் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும் என்பதால் அத்துளையிலிருந்து தள்ளியே பிளக்கை வையுங்கள். கம்பியைக் கையால் தொட வேண்டாம். நீலப் பொறி பளிச்சென்று அடித்தால் மேக்னெட்டோ நலம். பொறியே இல்லையென்றால், எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்சின் கம்பியைத் தற்காலிகமாகப் பிரித்துச் சோதியுங்கள். முதன்மைச் சுருளை எஞ்சின் உடலோடு இணைத்து மின்சாரத்தைத் திசைதிருப்புவதே அந்த ஸ்விட்சின் வேலை; உள்ளே உப்புநீர் புகுந்தால் அது நிறுத்திய நிலையிலேயே இருந்துவிடும். பிரித்ததும் பொறி வந்தால் ஸ்விட்சை மாற்றுங்கள். அது இல்லாமல் கடலுக்குப் போகாதீர்கள், ஏனெனில் ஓட்டுபவர் தவறி விழும்போது படகை நிறுத்துவது அதுதான்.

பொறி நன்றாக அடித்தும் எஞ்சின் கிளம்பாமல், கயிறு கையைப் பின்னோக்கி வெடுக்கென இழுக்கிறதா? ஃப்ளைவீலைத் தண்டோடு பிணைக்கும் சிறு சாவித்துண்டு பாதி அறுந்து, பொறி நேரம் தவறி விழலாம். சக்கரத்தைக் கழற்றினால் கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: படகின் உள்ளே பொருத்திய பெட்ரோல் எஞ்சினுக்குக் காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் போடலாமா?

பதில்: கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும். சாதாரண மோட்டாரின் பிரஷ்களில் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்க அதை உரசி நிற்கும் துண்டுகளில்) எழும் பொறி அதைப் பற்றவைத்துவிடும். கடலுக்கென்று செய்யப்படும் மோட்டார், அந்தப் பொறி வெளியே உள்ள ஆவியை எட்டாதவாறு அமைக்கப்பட்டது.